மணி யாருடைய நாய்?

வாசகர் கேள்விகள்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு சிந்துபூந்துறையில் ஆற்றுக்கு மிக அருகில் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும், நடக்க முடியாத மாமியாரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனோம். முகாமில் நாயைச் சேர்க்க மாட்டோம் என்றதால், அப்போது மூன்று வயதாகியிருந்த எங்கள் மணியின் சங்கிலியையும் பெல்ட்டையும் கழற்றி, மாடிப்படியில் ஏற்றிவிட்டுச் சென்றோம். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோது அவன் அங்கே இல்லை. கைலாசபுரம், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று மூன்று வாரம் தேடினோம். டீக்கடைகளில் படம் ஒட்டினோம். சென்ற மாதம் பெருமாள்புரத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது ஒரு சிறுமி அவனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலது பின்னங்காலில் வெந்நீர் கொட்டிய தழும்பும் வால் நுனி வெள்ளையும் அப்படியே இருந்தன. "மணி" என்றேன். காதை நிமிர்த்தினான், வந்து என் கையை வெகுநேரம் முகர்ந்தான், பிறகு திரும்பிப் போய் அந்தப் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்துகொண்டான். 2024 பிப்ரவரியில் ஒரு காப்பகத்திலிருந்து முறையாகத் தத்தெடுத்ததாக அந்த வீட்டார் சொல்கிறார்கள். "வெள்ளத்தில் விட்டுவிட்டுப் போனவர்களுக்கு நாய் எதற்கு?" என்றும் கேட்டுவிட்டார்கள். தடுப்பூசி அட்டை வெள்ளத்தோடு போய்விட்டது. மணி எங்களுக்குத் திரும்பக் கிடைப்பானா?

— வாசகி, சிந்துபூந்துறை

பதில்: அம்மா, "விட்டுவிட்டுப் போனவர்கள்" என்று அவர்கள் சொன்னதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வழக்கென்று வந்தாலும் பேச்சென்று வந்தாலும், நீங்கள் நாயைக் கைவிட்டீர்களா இழந்தீர்களா என்பதில்தான் எல்லாம் நிற்கும். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், தக்க காரணம் இல்லாமல், பசியாலோ தாகத்தாலோ துன்பப்படக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. கழுத்தளவு தண்ணீர் வரும் என்று அஞ்சி, வயதான மாமியாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய குடும்பத்துக்கு இருந்த காரணத்தைவிடத் தக்க காரணம் ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தத் தண்ணீர் வடிந்த பிறகு நான் போன தெருக்களில், கட்டுத்தறியோடு செத்துக் கிடந்த மாடுகளையும் சங்கிலி இறுகிக் கிடந்த நாய்களையும் பார்த்தேன். நீங்கள் சங்கிலியைக் கழற்றியதால்தான் மணி இன்று பெருமாள்புரத்தில் நடமாடுகிறான். பெல்ட்டையும் சேர்த்துக் கழற்றியதுதான் பிழை. அதன் உள்பக்கத்தில் அழியாத மையில் ஒரு கைப்பேசி எண் எழுதப்பட்டு, அது அவன் கழுத்தில் இருந்திருந்தால் காப்பகத்தார் மறுநாளே உங்களை அழைத்திருப்பார்கள், இந்தக் கடிதமும் எனக்கு வந்திருக்காது.

இனி உரிமை. நம் சட்டத்தின் கண்ணில் நாய், பசுமாட்டைப் போலவும் மோட்டார் சைக்கிளைப் போலவும், ஓர் அசையும் சொத்து. (ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் பசி, வலி, பயம் இன்றி வாழ்வது முதலான, விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மைதான், ஆனாலும் யாருடைய நாய் என்ற வழக்கு இன்றும் சொத்து வழக்காகவே நடக்கும்.) தொலைந்துபோன பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவில், அவரை ஒரு பொருளைப் பாதுகாக்க ஒப்படைக்கப்பட்டவரின் நிலையில் வைக்கிறது. காப்பகம் மணியைக் கண்டெடுத்த இடத்தில் நிற்கிறது. அதனிடம் இருந்தது காவல்தான், உரிமை அன்று. தன்னிடம் இல்லாத உரிமையை ஒரு தத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது. எனவே அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் படிவம், அவர்கள் நாயைத் திருடவில்லை என்பதற்கு நல்ல சான்று. நாய் அவர்களுடையதே என்பதற்கு முழுச் சான்று ஆகாது.

காலம் கடந்துவிட்டதோ என்ற அச்சமும் உங்களுக்கு வேண்டாம். தொலைந்த அசையும் பொருளை மீட்க வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. பொருள் யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் முதன்முதலாக அறிந்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு தொடங்குகிறது, அதாவது சென்ற மாதத்திலிருந்து.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை மெய்ப்பிப்பது வேறு. அட்டை போனாலும் ஊசி போட்ட மருத்துவரிடம் பதிவேடு இருக்கலாம். தேதியும், நாயின் நிறமும், உங்கள் பெயரும் கொண்ட ஒரே ஒரு வரி போதும். உங்கள் பழைய கைப்பேசி நனைந்து வீணாகியிருந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கோ உறவினருக்கோ நீங்கள் அனுப்பிய மணியின் படங்கள் அவர்களுடைய வாட்ஸப்பில் தேதியோடு கிடக்கும். பின்னங்கால் தழும்பு தெரியும் படம் ஒன்று கிடைத்தால் அதுவே பெரிய சாட்சி. டீக்கடையில் ஒட்டிய படத்தின் ஒரு பிரதியையும், ஒட்டியதைப் பார்த்த கடைக்காரரையும் தேடிப் பிடியுங்கள். நீங்கள் கைவிடவில்லை என்பதற்கு அந்த மூன்று வாரத் தேடலைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். இரண்டு தரப்பையும் தெருவின் இரு முனையில் நிறுத்தி, நடுவில் நாயை விட்டு, யாரிடம் போகிறது என்று பார்க்கும் பஞ்சாயத்துக்கு யாராவது உங்களை அழைப்பார்கள். கன்றை அவிழ்த்துவிட்டால் தாய்ப்பசுவிடம் போகும் என்ற கணக்கு நாய்க்கு ஒத்து வராது. கூட்டத்தைக் கண்டு மிரண்ட நாய், தனக்குக் கடைசியாகச் சோறு வைத்த கையைத் தேடிப் போகும். சில நாய்கள் யாரிடமும் போகாமல் ஏதாவது வண்டிக்கு அடியில் புகுந்துகொள்ளும். மணி உங்கள் கையை வெகுநேரம் முகர்ந்தது உங்களை அடையாளம் கண்டதால்தான் என்று நான் நினைக்கிறேன். அவன் திரும்பிப் போய் அந்தச் சிறுமியிடம் உட்கார்ந்ததை, உங்களை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் சங்கிலியைப் பிடித்திருப்பவரின் காலடியில் உட்காரும்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

காவல் நிலையத்தில் திருட்டுப் புகார் கொடுக்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் மீது அது நிற்காது. மனு ஏற்பு ரசீது ஒன்று கையில் கிடைக்கும், இரு குடும்பமும் நிரந்தரப் பகையாகும். நேரில் பேச முடியாவிட்டால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு, வழக்காகும் முன்னரே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். பேசப் போகும்போது பணத்தோடு போங்கள் என்பது என் யோசனை. ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆம் பிரிவின்படி, கண்டெடுத்தவர் பொருளைப் பாதுகாக்கச் செய்த செலவைப் பெறும்வரை அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். காப்பகமும் அந்தக் குடும்பமும் கருத்தடைக்கும் ஊசிக்கும் மருந்துக்கும் செய்த செலவை, அவர்கள் கேட்கும் முன் நீங்கள் எடுத்து வைத்தால், பேச்சின் தன்மையே மாறிவிடும்.

சட்டம் உங்கள் பக்கம் சாய்கிறது. என் மனம் முழுதாகச் சாயவில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வரும்போது மணிக்கு மூக்கு நரைத்திருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாயைக் கேட்பேன், கொடுக்காவிட்டால் பார்க்கவாவது விடுங்கள் என்று கேட்பேன். வழக்குப் போட மாட்டேன். இரண்டு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மணி சிந்துபூந்துறைக்கு வந்து போகட்டும். பழைய மாடிப்படியில் ஏறிப் படுக்கிறானா, மாலையானதும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானா என்று இரு வீட்டாரும் சேர்ந்து பார்த்தால், சண்டை பாதி குறைந்துவிடும். எந்த வீட்டில் இருந்தால் அவனுக்கு நல்லது என்பதை அதன் பிறகு பேசுவது எளிது.

பெருமாள்புரத்து வீட்டாரும் இதைப் படிக்கக்கூடும். காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாயை, அதுவும் தழும்போடு இருந்த ஒன்றை, எடுத்து வளர்த்த உங்கள் மனம் பெரியது. நீங்கள் அந்த அம்மாவிடம் சொன்னதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வள்ளியூர் அருகே சிறு காப்பகம் ஒன்றில் நண்பர்கள் சேர்ந்து உதவி வருகிறோம். தெருவில் மீட்ட நாயைத் தத்துக் கொடுத்த பிறகு, "அது என் நாய்" என்று யாராவது வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. எத்தனை நாள் காத்திருந்து கொடுத்தால் பிரச்சினை வராது?

— தன்னார்வலர், வள்ளியூர்

பதில்: இத்தனை நாள் என்று ஒப்பந்தச் சட்டத்தில் எண் கிடையாது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைப் பற்றிச் சொல்லும்போது, உரிமையாளரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்து, நியாயமான காலம் பொருளை வைத்திருந்த பிறகே கண்டெடுத்தவர் அதைத் தம் பயனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருள்பட விளக்கம் தருகிறது. நியாயமான காலம் எது என்பதை நாயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்த வளையம் தெரிகிறதா என்று முதலில் விரலால் முடியை ஒதுக்கிப் பாருங்கள். அது பெல்ட் கிடந்த தடம். நகம் தேயாமல் நீண்டிருந்தால் சிமெண்டுத் தரையில் கட்டிக் கிடந்த நாய். வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்கத் தெரியாமல் நடு ரோட்டில் நின்றால் அது நேற்றோ முந்தா நாளோ வீட்டைவிட்டு வந்தது. இப்படிப்பட்ட நாயைக் குறைந்தது இரண்டு வாரமாவது தத்துக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடியவையாகவோ வெள்ளத்தில் வந்தவையாகவோ இருந்தால் இரண்டு மாதம் வைத்திருங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் உரிமையாளரே வீடின்றி அலைந்துகொண்டிருப்பார். காதின் நுனியில் கருத்தடை செய்ததற்கு அடையாளமான வெட்டு இருந்து, கழுத்தில் பெல்ட் தடமும் இல்லையென்றால் அது பெரும்பாலும் தெருநாய். அதைச் சிகிச்சை முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். பாசம் மேலிட்டு அதையும் தத்துக் கொடுத்துவிட்டால், அந்தத் தெருவே உங்கள் வாசலுக்கு வரும்.

மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த நாயையும் அனுப்ப வேண்டாம். அரிசி மணி அளவுள்ள அது, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தப்படுகிறது. நாளடைவில் முன்னங்கால் பக்கமாக நகர்ந்துவிடுவதும் உண்டு என்பதால், படிக்கும் கருவியைக் கழுத்திலிருந்து இரு முன்னங்கால்கள்வரை மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். பலரும் நினைப்பதுபோல அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது, 15 இலக்க எண் ஒன்றைத்தான் காட்டும். அந்த எண்ணை உரிமையாளர் தம் கைப்பேசி எண்ணோடு பதிவு செய்திருந்தால்தான் பயன். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நம் பக்கத்தில் சிப் உள்ள நாய்கள் குறைவு என்றாலும், சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த இடத்தில் தொலையும் நாய்களும் இருக்கின்றனவே. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் ஊர் மருத்துவரிடமோ கருவி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

நாய் கிடைத்தது என்று படம் போட்டு அறிவிக்கும்போது, ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் உள்ள மச்சமோ, உடைந்த பல்லோ, எதுவோ ஒன்று படத்தில் தெரியக் கூடாது. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் இன நாய் என்றால் உரிமை கொண்டாட நாலு பேர் வருவார்கள். முயல் வேட்டைக்கு நாய் தேடி அலைபவர்களும் அதில் இருப்பார்கள். அந்த வேட்டையே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒருமுறை என் முன்னிலையில் ஒருவர் ஒரு கன்னி நாயைத் தம்முடையது என்று கண்ணீர் விட்டார். மேல் அண்ணத்தின் நிறம் என்ன என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "எல்லா நாய்க்கும் இருக்கிற நிறம்தான்" என்றார். அந்த நாயின் அண்ணம் முழுக்கக் கறுப்பு. குட்டியிலிருந்து வளர்த்தவருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை.

தத்துப் படிவத்தில், நாய் கிடைத்த நாளும் இடமும், முந்தைய உரிமையாளர் தக்க சான்றோடு வந்தால் காப்பகத்தின் முன்னிலையில் பேசித் தீர்ப்பதற்கு இசைவதாக ஒரு வரியும் இருக்கட்டும். அந்த வரியைப் படித்ததும் தயங்குகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து வாசலில் அந்நியர் ஒருவர் வந்து நிற்கும்போது அதை முதன்முதலாகக் கேள்விப்படுவது இன்னும் கொடுமை.

கேள்வி: பணி மாறுதலில் வேறு ஊருக்குப் போகிறோம். புது வீட்டின் உரிமையாளர் நாய் கூடாது என்கிறார். பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டால், கோயிலுக்கு வருபவர்கள் போடுவதை உண்டு பிழைத்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்கிறார். அது சரியா?

— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சரியன்று. முன்னே சொன்ன கைவிடுதல் என்ற குற்றம் இதுதான். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை என்று 1960இல் எழுதியது இன்றும் மாறவில்லை; மலைக்குப் போகிற வழியில் நீங்கள் குடிக்கும் டீக்கும் வடைக்கும் அதைவிடக் கூடுதலாக ஆகலாம் என்பதால்தான் அண்ணாச்சி இவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறார். நீங்கள் விடப் போகும் இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரம். வீட்டு நாய்க்கு அங்கே கிடைக்கப் போவது கோயில் பிரசாதம் அன்று. மலையடிவார ஊர்களுக்குள் சிறுத்தை இறங்கி வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான். தடுப்பூசி போடாத நாய் என்றால் வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயையும் செந்நாய்க்கும் நரிக்கும் கொண்டு சேர்க்கும்.

வேறு வீடு பாருங்கள். அது முடியாதென்றால் நீங்களே புது வளர்ப்பாளரைத் தேடி, அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, தடுப்பூசி அட்டையோடும் எழுத்து மூலமான ஒப்புதலோடும் நாயை ஒப்படையுங்கள். காப்பகத்தில் சேர்ப்பதானாலும் இரவில் வாசலில் கட்டிவிட்டு ஓடாமல், பகலில் போய், உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பின்னால் மனம் மாறிப் போய்க் கேட்டால் அவர்கள் காட்டப் போவது அந்தக் காகிதத்தைத்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெட்டை நாய்க்கு மூன்று ஆண்டாக இரு வேளையும் சோறு வைக்கிறேன். அது யாரையாவது கடித்தால் நான் பொறுப்பா? அதை எனக்கே உரியதாக ஆக்கிக்கொள்ள முடியுமா?

— வாசகி, மேலப்பாளையம்

பதில்: சோறு வைப்பதால் மட்டும் நீங்கள் அதன் உரிமையாளர் ஆவதில்லை. ஆனால் உங்கள் வாசலில் கட்டிப் போட்டு, உங்கள் பெல்ட்டை அணிவித்துவிட்டால், அது உங்கள் பொறுப்பில் இருக்கும் விலங்காகிவிடும். அப்படிப்பட்ட விலங்கால் பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். யாரையாவது கடித்துவிட்டால் வழக்கைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். உடனே காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி, கடிபட்டவரை அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ தடவ விடாதீர்கள்.

முறைப்படி தத்தெடுக்க வழி உண்டு. தெருநாய்களைப் பற்றி 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், அந்த நாய்க்கு அடையாள வில்லை பொருத்திக் கொடுக்க வேண்டும், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்று கூறியிருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று ஆண்டாகத் தெருவில் திரிந்தவளை நாலு சுவருக்குள் வைக்க உங்களுக்கு இடமும் பொறுமையும் வேண்டும். எடுப்பதென்று தீர்மானித்தால் மாநகராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் கருத்தடையையும் தள்ளிப் போடாதீர்கள், ஏனெனில் நாய்க்குச் சினைக்காலம் 63 நாள்தான், அடுத்த ஈற்றுக்குள் முடித்துவிட வேண்டும். அறுவைக்கு முந்தின இரவு பத்து மணிக்கு மேல் அவளுக்கு நீங்கள் சோறு வைக்கக் கூடாது; தெருவில் வேறு யார் யார் வைக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.